வெடிக்குப் பிறகு அரைமணி

வெளிநாடு போய் வந்தவர்கள்தான் பயணக் கட்டுரை எழுத வேண்டும் என்று எங்கேயும் சட்டம் இல்லை. நான் கோலார் தங்கவயலிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போனேன். எல்லையைத் தாண்டினதும் பஸ் போர்டெல்லாம் தமிழில் இருந்தது. அதைப் படித்துப் படித்து நான் பட்ட சந்தோஷம் பாரிஸ் பார்த்தவர்களுக்குக்கூட வந்திருக்காது. "போர்டைப் படிச்சது போதும், பையைப் பிடி" என்றார் வீட்டுக்காரர்.

அவரை இந்தக் கட்டுரையில் ஃபோர்மேன் என்றே எழுதப் போகிறேன். தங்கச் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். அதற்கான சர்ட்டிஃபிகேட் பரீட்சையில் பாஸானபோது எங்கள் லைன் வீடுகள் முழுக்க நான் கேசரி கொடுத்தேன். அப்புறம் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். இப்போது ஊர் ஆம்பிளைகளில் பாதிப்பேரைப் போல அவரும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போகிறார். ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கேட்டில் விசில் ஊதி, வருகிற போகிற கார்களுக்கு சல்யூட் வைத்துவிட்டு, ராத்திரி திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கோபம் நிறைய இருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் அணுமின் நிலையத்தில் வேலை செய்கிற என் தம்பி டேனியல் அணுபுரத்திலிருந்து போன் பண்ணினான். படாளம் பக்கத்தில் ஒரு கல் குவாரிக்காரர் ஃபோர்மேன் சர்ட்டிஃபிகேட் உள்ள ஆளைத் தேடுகிறாராம். அப்படி ஒருவர் இல்லாமல் குவாரி நடத்தக் கூடாது என்பது சட்டம். "மாமா அங்க வேலையே செய்ய வேணாம்கா. பேரைக் கொடுத்தா போதும். யாராவது இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தா, வந்து ஒரு நாள் நின்னுட்டுப் போகட்டும். சம்பளம் மாசாமாசம் வீடு தேடி வந்துடும்" என்றான். போனை வைப்பதற்குள் நான் சம்மதித்துவிட்டேன். விடிந்த பிறகும் அவர் எங்கள் வீட்டில் தூங்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான். ஃபோர்மேன் மட்டும் "போய்ப் பார்க்கலாம்" என்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், பள்ளிக்கூடம் லீவு. நான் டீச்சர். மீந்த கல்கல் பலகாரமும் ஒரு கேக்கும் டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். எங்கள் ஊரில் அந்த மாசம் ஸ்வெட்டர் இல்லாமல் பால் வாங்கப் போக முடியாது. செங்கல்பட்டில் இறங்கின உடனே ஃபோர்மேன் ஸ்வெட்டரைக் கழற்றினார், நான் சாக்ஸைக் கழற்றினேன்.

தமிழ் போர்டு படிக்கிற குஷியில் 'திருக்கழுக்குன்றம் வழி' என்பதைப் பார்த்ததும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பாதி வழியில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இது மகாபலிபுரம் போற வண்டிமா. அணுபுரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. குன்றத்துல எறங்கி வேற புடி" என்றார். டீச்சருக்கு நல்ல பாடம். ஃபோர்மேன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

குன்றத்திலிருந்து ஷேர் ஆட்டோ. அதில் மீன் விற்றுத் திரும்புகிற ஓர் அம்மாள் இரண்டு காலிக் கூடைகளோடு இருந்தாள். கூடைதான் காலி, அதில் இருந்த தண்ணீர் காலியாகவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கேக் டப்பாவின் மேல் கொஞ்சம் சொட்டியது. நான் டப்பாவை நகர்த்துவதைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, கடல் தண்ணிக்கு இப்டி பயப்படற? எங்க ஊருக்கு வந்துகினு!" என்றாள். நான் டீச்சர் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. கேக்கில் அன்றைக்கு லேசாக வஞ்சிரம் வாசனை வந்தது. டேனியல் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னான்.

அணுபுரம் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நேரான ரோடு, மரம், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற பஸ். சுரங்கம் ஓடின காலத்தில் எங்கள் ஊரும் இப்படித்தான் சுத்தமாக, பசியில்லாமல் இருந்தது. டேனியல் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டுதான் வேலைக்குப் போவான். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அது சொல்லிவிடுமாம். ஒரு வால்வைத் திறக்க எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்று பெருமையாகச் சொன்னான். "அந்தக் கையெழுத்துப் போடறவங்க எல்லாம் அங்க இருப்பாங்களா, இல்லே அவங்கவங்க ஊர்ல இருப்பாங்களா?" என்று ஃபோர்மேன் கேட்டார். டேனியல் எனக்கு இன்னொரு தோசை வைத்தான்.

மறுநாள் மாமல்லபுரம். ஊரெல்லாம் உளிச்சத்தம். வெள்ளைக்காரர்கள் அரைக்கால் சட்டையில் சுற்றுகிறார்கள். அவர்களிடம் ஒரு கைடு ஆங்கிலத்தில் மகாபாரதத்தை மிகவும் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தான், அர்ஜுனனுக்கு ஒரே ஒரு தம்பிதான் மிச்சமிருந்தான். கடற்கரையில் மாங்காய் பத்தை, சுண்டல், வறுத்த இறால். இறாலுக்கு எங்கள் ஊரில் கொடுக்கிற விலையைச் சொன்னேன். கடைக்காரர், "அது டவுனுக்குப் போன இறால் அக்கா, அதான் அந்த ரேட்டு" என்றார்.

ஃபோர்மேனை சுற்றுலா கூட்டிப் போவது கஷ்டம். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் மேலே உள்ள பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் உறுதி, டொக்கென்றால் எப்போது வேண்டுமானாலும் விழும். அந்தப் பழக்கத்தில் குகைக் கோயில் தூணையெல்லாம் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். "யோவ் கை வைக்காத! இன்னா கதவா அது?" என்று காவலாளி கத்தினார். சரிவில் உருளாமல் நிற்கிற அந்தப் பெரிய உருண்டைப் பாறையின் அடியில் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நானும் நின்றேன். ஃபோர்மேன் பாறையின் அடியைக் குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்துத் தள்ளி நிற்கவைத்துவிட்டார். "ஆயிரம் வருஷமா நிக்குதுங்க" என்றேன். "நின்னது போன வருஷங்கள் கணக்கு" என்றார். என் போட்டோவில் பாறை தூரத்தில் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கிறது.

மூன்றாம் நாள் குவாரிக்குப் போவதற்கு டேனியல் நண்பனிடம் ஒரு மாருதி வேன் கடன் வாங்கினான். அதன் பக்கக் கதவு மூடாது. மூட வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க நான் அந்தக் கதவை ஒரு கயிற்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டே போனேன். வழியில் வேடந்தாங்கல். ஏரிக்குள் நிற்கிற மரங்களில் இலையைவிட நாரை அதிகம். ஃபோர்மேன் எண்ண ஆரம்பித்தார். எதையும் எண்ணாமல் விடமாட்டார். முதல் மரத்திலேயே தோற்றுப்போனார். பட்டாணி விற்கிறவர் சொன்னார்: "இங்க தீபாவளிக்குக் கூட யாரும் வெடி வெடிக்க மாட்டோம் சார், பறவை பயந்துகினு போயிடும்னு." ஃபோர்மேன் என்னைப் பார்த்து, "வா போகலாம், இந்த ஊர்ல நம்மளுக்கு வேலை கிடைக்காது" என்றார். அவர் ஜோக் அடித்து ரொம்ப நாளாகியிருந்தது.

எங்கள் ஊரில் கல்லைத் தேடிப் பூமிக்கடியில் மைல்கணக்கில் இறங்க வேண்டும். இங்கே கல் வெளியிலேயே மலையாக நிற்கிறது, ஆளுக்கு ஒரு பக்கமாக வெட்டிக்கொள்கிறார்கள். குவாரி வாசலில் டிப்பர் லாரிகள் வரிசை. பக்கத்தில் பனையோலைக் கொட்டகையில் ஒரு சோற்றுக்கடை. வாசல் போர்டில் ஃபோர்மேன் என்று எழுதி, எதிரில் ஒரு பெயர். வெடி வைக்கிற ஏழுமலைதான் எங்களை உள்ளே கூட்டிப்போனார். முப்பது வயசிருக்கும், புருவத்தில் கல்தூள். போர்டில் உள்ளவர் எங்கே என்று ஃபோர்மேன் கேட்டார்.

"அவரா? அவரு போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆவுது சார். நான் பாத்ததே இல்ல. பேரு மட்டும் டூட்டி பாத்துகினு கீது."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெயரை அழித்துவிட்டு எழுதப்போவது என் வீட்டுக்காரர் பெயர் என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

முதலாளி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். "ஃபோர்மேன் சார், உங்களுக்கு ஒரு பேஜாரும் இல்ல. ஊர்லயே ஹாயா இருங்க. நாளைக்கு பேப்பர் ரெடியாயிடும், கையெழுத்துப் போட்டுட்டு ரயில் ஏறுங்க" என்று சொல்லிவிட்டு மதுராந்தகத்துக்குக் கிளம்பினார். ஃபோர்மேன் மட்டும், "வந்ததுக்கு ஒரு வெடி பார்த்துட்டுப் போறேன்" என்றார்.

மத்தியானம் வெடி. பாறையில் வரிசையாகத் துளை போட்டு மருந்து வைத்து, திரிகளை நீளம் மாற்றி மாற்றி விட்டிருந்தார்கள். அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். ஏழுமலை விசில் ஊதி, சிவப்புத் துணியைக் காட்டி, திரிகளைக் கொளுத்திவிட்டு ஓடிவந்தார். எல்லாரும் சோற்றுக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினோம். டமார் டமாரென்று ஆரம்பித்தது. துளைக்கு ஒரு விரல் நீட்டி வைத்திருந்த ஃபோர்மேன், சத்தத்துக்கு ஒன்றாக மடக்கிக்கொண்டே வந்தார். சத்தம் நின்றது. ஒரு விரல் மடங்காமல் நின்றது.

"ஒண்ணு வெடிக்கல்லே" என்றார்.

வெடி வைத்தால் புகை கலைய அரைமணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது, துளையும் சத்தமும் கணக்கு ஒத்துவராவிட்டால் கேட்கவே வேண்டாம். உள்ளே நமுத்துக் கிடக்கிற திரி எந்த நிமிஷமும் உயிர் பெறலாம். எங்கள் ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் இங்கே டிப்பர்கள் ஸ்டார்ட் ஆகிவிட்டன. ஒருத்தன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை. ஏழுமலை துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு புகைக்குள் நடக்க ஆரம்பித்தார்.

ஃபோர்மேன் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, ரோட்டின் நடுவில் கையை விரித்து நின்றார். முதல் லாரியின் பம்பர் அவர் வயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"யோவ் பெர்சு, வழிய வுடு! நீ யாருய்யா நடுவுல?"

"நான்தான் இந்தக் குவாரி ஃபோர்மேன். வண்டியை ஆஃப் பண்ணு."

கையெழுத்துப் போடாத ஃபோர்மேன். ஆனால் அந்தக் குரல்! சுரங்கம் மூடின நாளிலிருந்து நான் கேட்காத குரல். அடுக்குமாடிக் கேட்டில் சல்யூட் அடிக்கிறவருக்குள் இது எங்கே ஒளிந்திருந்தது? டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை அணைத்தான். பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் அணைந்தன.

அரைமணி முடிந்ததும் முதலில் யார் உள்ளே போவது என்று நான் கேட்கவில்லை. ஃபோர்மேன்தான் போவார் என்று சுரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தெரியாதா?

சோற்றுக்கடை நடத்துவது ஏழுமலையின் மனைவி செல்வி. ஒரு பலகையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். டிரைவர்களெல்லாம் வெடிக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுவார்கள், வெடித்ததும் நேராக லோடு ஏற்றப் போய்விடுவார்கள் என்றாள்.

"டெய்லி இதான் அக்கா. ஹாரன் அடிச்சிகினே இருப்பானுங்க. எங்க வூட்டு ஆளு புகையோட புகையா உள்ள ஓடும். நான் சோத்துப் பானையப் பாத்துகினு நிப்பேன். அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்." பிறகு என் கையைத் தொட்டாள். "உங்க வூட்டுக்காரரு இனிமே இங்கதான இருப்பாரு?"

அவர் இங்கே இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே நான் வந்திருந்தேன். "பார்க்கலாம் செல்வி" என்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கஷ்டமான கேள்வி கேட்டாலும் இதைத்தான் சொல்லித் தப்பிப்பேன்.

அரைமணி போனது. ஃபோர்மேனும் ஏழுமலையும் மட்டும் உள்ளே போனார்கள். நானும் செல்வியும் இரண்டு பேருமாகப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். எல்லாத் துளையும் வெடித்திருந்தது. இரண்டு திரி ஒரே சமயத்தில் எரிந்து, இரண்டு வெடியும் ஒரே சத்தமாகக் கேட்டிருக்கிறது.

டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "காதை டெஸ்ட் பண்ணு பெர்சு!" என்று கத்திக்கொண்டே வண்டியை எடுத்தார்கள். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. "நானும் ஒண்ணு கம்மியாத்தான் சார் எண்ணுனேன்" என்றார் மெதுவாக. "பின்ன ஏன் போனே?" என்று ஃபோர்மேன் கேட்டார். "சொன்னா யாரு சார் நிப்பான்?" என்றார்.

திரும்பும்போது கதவுக் கயிற்றை என் கையிலிருந்து வாங்கி ஃபோர்மேன் பிடித்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே, "கையெழுத்துப் போட்டுடறேன் ஸ்டெல்லா" என்றார். "எனக்கு மனசில்லே. ஆனா நீ எத்தனை நாள் தனியா சாப்பிடுவே?" டேனியலுக்குப் பெரிய நிம்மதி. கேட்டது கிடைத்துவிட்டது, எனக்கு அழுகைதான் வந்தது.

பையோடு கிளம்பினோம். குவாரியில் முடித்துவிட்டு அப்படியே ஊருக்குப் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. டேனியல் எங்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஆபீஸில் முதலாளி பேப்பரைத் தள்ளினார், பேனாவும் அவரே திறந்து கொடுத்தார். ஃபோர்மேன் பேனாவை வாங்கினார்.

"ஒரு நிமிஷம்" என்றேன் நான். "கையெழுத்துப் போட்டா இவர் இங்கேயே இருப்பார். தினம் வெடிக்கு நிப்பார். நானும் லீவு முடிஞ்சு மாத்தல் கேட்டு, அடுப்பு சாமானோட வந்துடறேன். பக்கத்துல ஒரு வீடு பார்த்துக் கொடுங்க."

எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு மாற்றல் எல்லாம் கிடையாது. வாயில் அதுவாக வந்தது. ஃபோர்மேன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "நேத்து இவரு பண்ணதைக் கேட்டேன்மா. ஆளு வந்தா டெய்லி அரைமணி போவும். எனக்கு ஆளு வேணாம், பேரு போதும்."

ஃபோர்மேன் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். "பேரு தனியா வராதுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். முதலாளியும் மரியாதையாகவே, "உங்க இஷ்டம். வேற சர்ட்டிஃபிகேட் கிடைக்கும்" என்றார். கிடைக்கும்தான், அதில் சந்தேகமில்லை.

வெளியே வந்து சோற்றுக்கடையில் பையை வைத்தேன். பஸ் அங்கேதான் நிற்கும். செல்வி முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. "இவர் இருக்க மாட்டார் செல்வி" என்றேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், மதுராந்தகம் ஏரி மீன். சட்டியில் முள் அதிகமில்லாத கெளுத்தி, பக்கத்துக் கூடையில் முள்ளே உடம்பான கெண்டை.

நான் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "செல்வி, வெடிக்கு முன்னாடி ஏன் சோறு போடறே?"

"எப்பவும் அப்டித்தான்."

"இன்னிக்கு வெடிச்ச உடனே போடு. அதுக்கு முன்னாடி உலை கொதிக்கல்லேன்னு சொல்லு. வேற கடை பக்கத்துல இருக்கா?"

அவள் கை நின்றது. "படாளத்துக்குத்தான் போவணும்" என்றாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூடையைப் பார்த்தோம். "கெளுத்திய நாளைக்கு வெச்சிக்கறேன்" என்று அவளே கெண்டையை எடுத்தாள். "கெண்டைய முள்ளு எடுத்துத் துன்னுட்டு எழுந்திருக்க எவனுக்கும் அரைமணி ஆவும்."

மத்தியானம் டிரைவர்கள் சோறு கேட்டுக் கத்தினார்கள். செல்வி அடுப்பை ஊதுகிற மாதிரி ஊதிக்கொண்டேயிருந்தாள். வெடி வெடித்தது. ஃபோர்மேன் விரல் எல்லாம் மடங்கியது. சத்தம் அடங்குவதற்குள் செல்வி இலைகளைப் போட்டு, ஆவி பறக்கிற சோற்றைக் கொட்டிவிட்டாள். அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். ஹாரன் இல்லை. "இன்னா செல்வி இது, மீனா, முள்ளு வேலியா?" என்று ஒருத்தன் கேட்டான். ஏழுமலை ஓடிவந்து, உள்ளே போகத் திரும்பி, பின்னால் யாருமே வரவில்லை என்று கண்டு திகைத்து நின்றார். பிறகு அவரும் ஓரமாக உட்கார்ந்தார். செல்வி குவாரிப் பக்கம் திரும்பி, புகை கலைவதை நிதானமாகப் பார்த்தாள்.

பஸ் வந்தது. நான் பையைத் தூக்கினேன். ஃபோர்மேன் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் அரைமணி ஆகல்லே" என்றார்.

இவர் பெயர் அந்தப் போர்டில் வரப்போவதில்லை. திங்கட்கிழமை விடியலில் ரயில் ஏறி, யாரோ ஒருவருடைய கேட்டில் நின்று விசில் ஊதத்தான் போகிறார், எனக்கு அதில் இன்னமும் கோபம் தீரவில்லை. "ஏறுறீங்களா இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினார். நான் கையை ஆட்டி பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு, பையை இறக்கி வைத்து, ஃபோர்மேன் பக்கத்தில் உட்கார்ந்தேன். செல்வி எங்களுக்கும் இலை போட்டாள்.